அம்பு பிடித்து நிற்கும் மூன்றாமவள்

1

இந்த மாதத்தோடு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினேழு வருசம். வேலையில் சேர்ந்து பதினேழு வருசம் என்று எழுதினால் ஊரில் இருக்கிற நீங்கள் பெரிதாக ஏதோ நினைத்துவிடுவீர்கள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். லண்டனில் ஒரு ஓவியக்கூடம். அதில் பதினோராம் அறை. கதவுக்கு இடப்பக்கம் ஒரு கறுப்பு நாற்காலி. அதில் இருந்து, படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மோர்டனில் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற சனத்துக்கு "மியூசியத்தில் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். செக்யூரிட்டி என்று சொன்னால் சிலருடைய முகம் ஒரு மாதிரிப் போகும்.

இத்தனை வருசத்தில் என்னிடம் ஆகக் கூடுதலாகக் கேட்கப்பட்ட கேள்வி, கழிவறை எங்கே என்பது. இரண்டாவது, வெளியே போகிற வழி எது. படத்தைப் பற்றிக் கேட்டவர்களை என் இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். கேட்டிருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

எனக்கு நேர் எதிரே, சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்துப் படம். மூன்று பெண்கள் புல்தரையில் வில் விளையாடுகிறார்கள். ஏறக்குறைய ஆளுயரம். வேலை செய்து களைத்த பெண்கள் இல்லை. அவர்களுடைய உடுப்பைத் தோய்த்து மடிக்கவே வீட்டில் நாலு பேர் இருந்திருப்பார்கள். முதலாமவள் பாசிப்பச்சை நிறத்தில் நிலம் கூட்டுகிற பாவாடை கட்டி, நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டாமவள் கத்தரிப்பூ நிறம். கண்ணுக்கு மேல் கையை வைத்து அம்பு போகப்போகிற திசையைப் பார்க்கிறாள். மூன்றாமவள் கடுகு நிறம், கொஞ்சம் பின்னுக்கு நிற்கிறாள். கையில் ஒரு அம்பு. தன் முறை வரட்டும் என்று நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் மர வாங்கில் ஒரு வைக்கோல் தொப்பி, தேத்தண்ணிக் கோப்பைகள், ஒரு சின்ன வெள்ளை நாய். எதைப் பார்த்துக் குறி வைக்கிறார்கள் என்பது மட்டும் படத்தில் இல்லை.

என்னோடு வேலை செய்கிறவர்கள் அவர்களை "பிலோவின் பெண்கள்" என்பார்கள். பிலோமினா என்ற என் பெயரை முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் நேரமில்லை.

2

அந்தப் பெண்களுக்கு என்னைவிடப் பெரிய ரசிகை ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். என் அக்கா ஜெசிந்தா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கே விளையாட்டு ரீச்சராக வந்து, அங்கேயே ஓய்வு பெற்றாள். கலியாணம் செய்யவில்லை. கேட்டால், விசிலும் வாயுமாக இருக்கிறவளை எவன் கட்டுவான் என்று தானே சிரிப்பாள்.

அவளுடைய வலைப்பந்து அணியில் நானும் இருந்தேன். ஏழு பேர் விளையாடுகிற விளையாட்டில் நான் எட்டாவது ஆள். வெட்டின தோடம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் என் பொறுப்பு. என்னைவிட மோசமாக விளையாடினவளைக்கூட இறக்குவாள், என்னை இறக்கமாட்டாள். "தங்கச்சியை இறக்கினா ஊர் கதைக்கும்" என்பாள். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன். அசையவில்லை. அக்காவுக்கு நேர்மை என்பது ஒரு வருத்தம் மாதிரி, மருந்துக்கு அடங்காது.

கைத்தொலைபேசியில் படம் அனுப்புகிற காலம் வந்ததும் முதல் வேலையாக இந்தப் படத்தை எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவள் உடனே எனக்குப் போன் எடுத்தாள்.

"பிலோ, உவளின்ரை முழங்கை தாழ்ந்திருக்கு. அம்பு புல்லுக்கைதான் போய்க் குத்தும்."

"அது படம் அக்கா."

"படமெண்டால்? பிழை பிழைதான். உந்தப் பாவாடையோட ஒருத்தியை ஓடச் சொல்லு பாப்பம்."

"ஓடத் தேவையில்லை. நிண்டுதான் விடுறது."

"நிண்டு விளையாடுறதும் ஒரு விளையாட்டே?" என்றவள் கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பின்னுக்கு நிக்கிற பெட்டை ஆர், நீயோ?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். உண்மையில் முதல் நாளே எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

"அவளுக்கு முறை வராது" என்றாள் அக்கா. "கையைப் பார். அம்பைத் தடி மாதிரிப் பிடிச்சிருக்கிறாள். விளையாடப் போறவள் அப்பிடிப் பிடிக்கமாட்டாள்."

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இதே கேள்விதான்: "என்ன, அவள் அம்பை விட்டிட்டாளோ?" இல்லை என்பேன். "அவளுக்கு விட மனமில்லை" என்பாள். கோயில் கதை, ஊர்க் கதை எல்லாம் அதற்குப் பிறகுதான். என் கணவர் இறந்து வீடு வெறுமையாகக் கிடந்த நாலு வருசமாக, ஒரு கிழமையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நேரம்தான்.

போன வருசம் அவளுக்குக் கண்ணில் பிரச்சினை என்றார்கள். உள்ளே அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிற வருத்தம். இடது கண் போய்விட்டது. வலது கண் ஓரங்களில் இருந்து மூடிக்கொண்டு வந்தது. ஒரு வருசம், கூடினால் ஒன்றரை என்று டொக்டர் சொன்னார். அக்கா அதை மழை வரும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, "உன்ரை பெட்டையளை நேரிலை ஒருக்காப் பாக்கவேணும்" என்றாள். "போனிலை பாத்தால் உயரம் தெரியாது. ஆளுயரம் எண்டு நீதானே சொன்னனீ. உங்கை இருக்கிறதுக்குக் கேக்கேல்லை. பாத்திட்டு வாறன்."

நான் இரண்டு முறை ஊருக்குப் போய் அவளைப் பார்த்திருக்கிறேன், இன்னும் போகலாம். அவள் கேட்டது அதை இல்லை. வாழ்க்கையில் என்னிடம் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

3

விசா விண்ணப்பத்தை என் மகள் ஷரோன் நிரப்பினாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறாள், ஞாயிறு சாப்பாட்டுக்கு வருவாள். ஊரில் இருப்பவர்கள் அவளோடு தமிழில் கதைத்தால் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பாள், அதற்கு மேல் போகாது. ஆனால் பெரியம்மா வருகிறாள் என்றதும் உற்சாகமாகத்தான் இருந்தாள். அக்காவுக்குக் கணினி பழக்கம் இல்லை என்பதால் தன் மின்னஞ்சலையே கொடுத்தாள்.

அங்கே அக்கா புறப்பட ஆயத்தமாகிவிட்டாள். பங்குச் சுவாமியாரிடம் ஒரு கடிதம், பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கினாள். குளிருக்கு நீலநிறச் சுவெற்றர் வாங்கி, போட்டுப் பார்த்துப் படமும் அனுப்பினாள். யாழ்ப்பாணத்து வெயிலில் கழுத்து வரை சுவெற்றரோடு வேர்த்துக்கொண்டு நின்றாள்.

பதில் ஷரோனுக்கு வந்தது. என் குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்து அவள் வாசித்தாள். நான் பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பதாரி தன் தங்கையைப் பார்க்க வருவதாகச் சொல்கிறார். ஆனால் அந்தத் தங்கை இந்த நாட்டில் புகலிடம் கேட்டபோது, தனக்கு ஒரேயொரு சகோதரி இருந்ததாகவும் அவர் இறந்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த உறவு உண்மை என்று எங்களுக்குத் திருப்தியில்லை.

ஷரோன் சிரித்தாள். வேறு யாருடைய ஃபைலையோ மாறிப் பார்த்துவிட்டார்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா?" என்றாள்.

தாளிதம் கரிந்துபோய்விட்டது.

4

முப்பது வருசத்துக்கு முந்தைய கதை இது. என்னைக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரர் வழிநெடுகச் சொல்லித் தந்தார். "தங்கச்சி, ஊரிலை ஆரும் இருக்கினம் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. அக்கா ரீச்சர், அரசாங்கச் சம்பளம் எண்டால், அப்ப நீங்களும் அங்கை இருக்கலாம்தானே எண்டு கேப்பாங்கள். ஆருமில்லை. அவ்வளவுதான்." அவர் கெட்ட மனுசன் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரையாவது குறைத்துக்கொண்டுதான் இந்த நாட்டுக்குள் வந்தோம்.

நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அக்கா இறந்துவிட்டா என்றேன். எப்படி என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஏஜென்சிக்காரரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. என் தலைக்குள் உண்மையான சாவு ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பின்னேரம் பயிற்சி நடந்தபோது ஷெல் விழுந்தது. கோல் கம்பத்துக்குக் கீழே நின்றவள்மேல் பட்டது. மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது. எல்லாம் நடந்ததுதான். கீழே நின்றவள் அக்கா இல்லை. சுகந்தி என்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை. மடியில் வைத்துக்கொண்டு போனவள்தான் அக்கா.

சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. நடிக்கவில்லை. அந்தப் பெண் கண் துடைக்கக் கடதாசித் துவாய்ப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது. அந்தப் பொய் இல்லாமலே கிடைத்திருக்குமோ என்னவோ. எனக்கு வந்த ஆபத்துகளும் பொய் இல்லை, சொல்வதற்கு என்னிடம் வேறு நிறைய இருந்தது. இதை நான் எத்தனையோ முறை நாற்காலியில் இருந்து யோசித்திருக்கிறேன். யோசித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

5

ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு தமிழ் சட்டத்தரணி இருக்கிறார். ஷரோனும் நானும் போனோம். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா, ரெண்டு வழி இருக்கு. அண்டைக்குப் பொய் சொன்னனான் எண்டு எழுதிக் குடுக்கலாம். குடுத்தால் அக்கா வருவா எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா உங்கடை பழைய ஃபைலை, பாஸ்போட்டைத் தூக்கிப் பாப்பாங்கள் எண்டு சொல்லுவன். மற்ற வழி, பேசாமல் இருக்கிறது."

யோசிக்க அவகாசம் கேட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. கேட்கவில்லை. "பேசாமல் இருப்பம்" என்று அந்த இடத்திலேயே சொன்னேன். எனக்குப் பயம். இந்த வயதில் மீண்டும் ஒரு மேசைக்கு முன்னால் இருக்க என்னால் ஏலாது.

திரும்பி ரயிலில் வந்தோம். ஸ்ராட்ஃபோர்டில் ரயில் மாறும்போது ஷரோன் ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் எழுதினால் மென்மையாகப் படும், ஆனால் கேள்வி இதுதான்: "வேறு என்னென்ன உண்மை இல்லை, அம்மா?" சின்ன வயதில் ஒரு பொய்க்காக அவளைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருத்தியவள் நான். அடுத்த ஞாயிறு வேலை இருக்கிறது என்றாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வேலை இருந்தது.

அக்காவுக்குத் தெரிந்தது விசா கிடைக்கவில்லை என்பது மட்டும்தான். அவள் மனம் தளரவில்லை. விசில் ஊதி மறுபடி ஆட்டத்தைத் தொடங்குகிற ஆள்.

"திருப்பிப் போடுவம் பிலோ. ஆயரிட்டையும் ஒரு கடிதம் கேட்டிருக்கிறன்."

"வேண்டாம் அக்கா."

"ஏன் வேண்டாம்? கெதியாப் போடவேணும். இப்ப எனக்கு ஒரு குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரித்தான் தெரியுது."

அடுத்த கிழமை, ஆயரின் கடிதம் கிடைத்துவிட்டது என்றாள். அவருடைய வீட்டு வாசலில் மூன்று மணித்தியாலம் காத்து நின்றாளாம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவளுடைய வீடு பள்ளிக்கூட மதிலோடு ஒட்டினது. யாரோ பிள்ளைகளுக்கு விசில் ஊதுவது தொலைபேசியில் கேட்டது.

"அப்ப, நான் எப்ப செத்தனான்?" என்று கேட்டாள். கோபமில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்.

"நான் வாறதுக்கு முதல் வருசம்."

"எப்பிடி?"

"ஷெல்."

"எங்கை?"

"கிறவுண்டிலை."

"கிறவுண்டிலை எங்கை?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கோல் போஸ்டுக்குக் கீழையோ, பிலோ?"

"ஓம்."

"அது சுகந்தியடி" என்றாள். முதல்முறையாகக் குரல் உடைந்தது. "அவளின்ரை தாய் இப்பவும் சந்தையடியிலை என்னைக் கண்டால் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவ. என்னைச் சாக்கொண்டது பரவாயில்லை. நீ தப்பவேணும் எண்டு கேட்டிருந்தால் நானே எழுதித் தந்திருப்பன். அந்தப் பிள்ளையை என்ன செய்தனீ? உன்ரை பேப்பரிலை அவள் உயிரோட இருக்கிறாளோ?"

"இல்லை அக்கா. அவளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப அவள் பிறக்கவே இல்லை."

தொலைபேசி வைக்கப்பட்டது. அதுவரை நான் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கவில்லை.

6

ஆறு ஞாயிறு. நான் போன் எடுத்தால் மணி அடித்து ஓயும். அக்காவின் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். "ரீச்சர் சுகமா இருக்கிறா அன்ரி, கதைக்க விருப்பமில்லையாம்" என்றது. வீட்டில் இல்லை என்று ஒரு பொய் சொல்லக்கூட அக்கா அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் பதினோராம் அறையை மாற்றி அமைக்கப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. காலத்துக்கேற்ற படங்கள் வரப்போகின்றன. பழையவை லண்டனுக்கு வெளியே இருக்கிற களஞ்சியத்துக்குப் போகின்றன. மறுபடி எப்போது வரும் என்று என் மனேஜரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, ஷரோனின் வயதுதான். பத்து வருசம் ஆகலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி என் தோளைத் தொட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை நாலு பேர் கையுறை போட்டுக்கொண்டு வந்து படத்தைக் கழற்றினார்கள். இறக்கி வைத்தபோது மூன்றாமவளின் முகம் எனக்கு நேரே வந்தது. பதினேழு வருசம் அவளை எட்டத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். கிட்டப் பார்த்தால் அவள் முறைக்காகக் காத்திருக்கிற முகமாகத் தெரியவில்லை. விடுங்கள், நான் போகிறேன் என்கிற முகம். அட்டையால் சுற்றி, மரச்சட்டம் அடித்து, தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெயில் படாமல் கடும் சிவப்பாக இருந்தது. இரண்டு நாளில் அதற்கும் மேலால் சாம்பல் பூசிவிட்டார்கள்.

நேற்று என் பதினேழு வருசத்துக்கு ஓய்வறையில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்ட அட்டை தந்தார்கள். "பிலோவின் பெண்கள் இல்லாமல் என்ன செய்யப் போகிறாய்?" என்று ஒருவன் பகிடி விட்டான். சிரித்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. அக்காவின் பெயர்.

கேக் தட்டை வைத்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் பதினோராம் அறைக்குள்தான் போனேன். வேலை நடப்பதால் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். குனிந்து உள்ளே போய் என் நாற்காலிப் பக்கம் நின்றேன். நாற்காலியையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"பிலோ."

"அக்கா."

"வேலையிலையோ?"

"ஓம் அக்கா."

"வலது கண்ணும் போட்டுது. வெளிச்சம் மட்டும் தெரியும். போன கிழமை." செய்தி வாசிப்பது போலச் சொன்னாள். நான் அழத் தொடங்கியது கேட்டிருக்க வேண்டும்.

"அந்த அறையிலையோ நிக்கிறாய்?"

"ஓம்."

"படம் இருக்கோ?"

சுவரில் சாம்பல் நிறம் இன்னும் முழுசாகக் காயவில்லை. பெயின்ற் மணம் மூக்கில் ஏறியது.

"இருக்கு அக்கா" என்றேன்.

"முதலாவது பெட்டை?"

"இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"முழங்கை?"

"தாழ்ந்துதான் இருக்கு."

முந்தி என்றால் இந்த இடத்தில் சிரிப்பாள். காத்து நின்றேன். சிரிக்கவில்லை.

"பின்னுக்கு நிக்கிறவள்?"

"அம்பை வைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"இன்னும் முறை வரேல்லையோ?"

"இல்லை அக்கா."

"வராது" என்றாள். வைத்துவிட்டாள்.

ஈரச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றேன். அன்றைக்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர ஒரு ஏஜென்சிக்காரர் இருந்தார். இந்த முறை ஒருவரும் சொல்லித் தரவில்லை.